எல்டிடி க்ளெய்மை மறுத்துவிட்டார்கள் (கலிஃபோர்னியா): 180 நாளில் அப்பீல், எதில் தொடங்குவது?

காவிரிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தங்கை வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். கலிஃபோர்னியாவில் சாஃப்ட்வேர் எஞ்சினியர், வயது 41. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் இடுப்பிலிருந்து இடது பாதம் வரை இறங்கும் வலி விடவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார முடிவதில்லை. நரம்பு வலிக்கான காபாபென்டின் மாத்திரை சாப்பிடுவதால் பகலெல்லாம் மந்தமாக இருக்கிறார். மாநில அரசின் குறுகியகால இயலாமை உதவியான எஸ்டிஐ பணம் வந்தது. கம்பெனி எடுத்துக் கொடுத்த நீண்டகால இயலாமைக் காப்பீட்டுக்கு, அதாவது எல்டிடிக்கு, விண்ணப்பித்ததில் மறுத்துவிட்டார்கள்.

கடிதம் கையில் கிடைத்தது மார்ச் 3. அதில் சொல்லும் காரணம்: எம்ஆர்ஐயில் அறுவை சிகிச்சை செய்த இடம் நன்றாகக் கூடியிருக்கிறது, அவருடைய வேலை உட்கார்ந்து செய்யும் வேலை, அதைச் செய்ய முடியாது என்பதற்குப் "புறவயமான சான்று" போதவில்லை. அவர்களுடைய டாக்டர் நேரில் பார்க்கவே இல்லை. காகிதத்தைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்.

இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எம்ஆர்ஐ அறிக்கையோடு இந்த வாரமே அனுப்பிவிடலாம் என்று இருக்கிறோம். சரிதானா? இன்னொன்று, கொஞ்ச நாள் கோயம்புத்தூர் போய் வைத்தியம் பார்த்துவிட்டு வரலாமா என்றும் யோசிக்கிறார். அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

செந்தூரம்:

காவிரிக்கரை அண்ணா, அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து இப்போது அனுப்ப வேண்டாம். "இந்த முடிவை நான் ஏற்கவில்லை, மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று ஒரு வரி போய்ச் சேர்ந்தாலே அதை அப்பீலாக எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கையில் இருக்கும் நாலு காகிதத்தை வைத்தே மறுபடியும் மறுத்துவிடுவார்கள். போனில் கூப்பிட்டு வருத்தப்படுவதும் இதே வம்புதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கம்பெனி வழியாக வரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் எரிசா என்ற, வேலையோடு வரும் நலத்திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்குள் வரும். அரசு வேலை, சர்ச் நடத்தும் நிறுவனம், சொந்தமாக வாங்கிய பாலிசி இவற்றுக்கு வேறு சட்டம். எரிசா வழக்கில் ஜூரி கிடையாது. தண்டனை இழப்பீடு கிடையாது. பெரும்பாலும் சாட்சி விசாரணையும் கிடையாது. கடைசி மறுப்பு வரும் நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஃபைலில் என்ன இருந்ததோ, நீதிபதி அநேகமாக அதை மட்டும்தான் படிப்பார். அப்பீல் தோற்ற பிறகு "இன்னொரு டாக்டர் அறிக்கை இருக்கிறது" என்று கொண்டுபோனால் வாங்கிக்கொள்வது அபூர்வம். ஆகவே உங்கள் வழக்கு நடக்கும் இடம் இந்த அப்பீல்தான். நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அது அத்தனையும் இப்போதே உள்ளே போக வேண்டும்.

நாள் கணக்கு: கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து 180 நாள். பலர் இதை ஆறு மாதம் என்று எண்ணி ஏமாந்துவிடுகிறார்கள். மார்ச் 3 என்றால் உங்கள் கடைசி நாள் செப்டம்பர் 3 இல்லை, ஆகஸ்ட் 30. கடிதம் வந்த உறையைப் பத்திரமாக வையுங்கள். ஆனாலும் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. கடைசி நாள் சனி ஞாயிறில் விழுந்தால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆகஸ்ட் 15ஐக் குறியாக வையுங்கள்.

இந்த வாரம் அனுப்ப வேண்டியவை இரண்டு கடிதங்கள்.

ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. க்ளெய்ம் ஃபைல் முழுவதையும் இலவசமாகத் தரச் சொல்லிக் கேளுங்கள், சட்டப்படி தந்தாக வேண்டும். "இது அப்பீல் அல்ல, ஆவணக் கோரிக்கை மட்டுமே" என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். என்னென்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது: க்ளெய்ம் குறிப்பேடு, உள்ளுக்குள் போன மின்னஞ்சல்கள், அவர்களுடைய டாக்டர் எழுதிய அறிக்கை, அந்த டாக்டருக்குக் கம்பெனி அனுப்பிய கேள்விகள், வேலை பற்றிய ஆய்வறிக்கை, கண்காணிப்பு வீடியோ எடுத்திருந்தால் வெட்டாத முழுப் பிரதி, போன் பதிவுகள், முடிவெடுக்கப் பயன்படுத்திய உள்விதிகள்.

இரண்டாவது கடிதம் ஹெச்ஆருக்கு. பாலிசியின் முழு வாசகமும் திட்டச் சுருக்க ஆவணமும் கேளுங்கள். திட்ட நிர்வாகி (பெரும்பாலும் வேலை கொடுக்கும் கம்பெனியேதான்) 30 நாளுக்குள் தராவிட்டால் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடிதத்தில் இதைக் குறிப்பிட்டாலே வேகம் பிறக்கும்.

ஃபைல் வந்ததும் முதலில் க்ளெய்ம் குறிப்பேட்டைப் படியுங்கள். பல நூறு பக்கம் இருக்கும், அலுக்காதீர்கள். எந்த டாக்டரின் பதிவுகள் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை, அவர்களுடைய நர்ஸ் முதலில் "ஏற்கலாம்" என்று எழுதி மேலே இருந்தவர் மாற்றினாரா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

மருதாணி (பிசியோதெரபி):

செந்தூரம் சொன்னதற்கு மேல் மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

எல்டிடியில் நோயின் பெயர் யாரையும் அசைக்காது. எல்4-எல்5 இணைப்பு நடந்து வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த மனிதரால் எட்டு மணி நேர வேலை நாளில் எவ்வளவு நேரம் என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி. அதை எண்ணில் சொன்னால்தான் எடுபடும். "நோயாளியால் வேலை செய்ய இயலாது" என்று டாக்டர் எழுதித் தரும் கடிதம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை இவை. ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் உட்கார முடியும், மொத்தமாக ஒரு நாளில் எத்தனை மணி? நிற்பது, நடப்பது எவ்வளவு? நடுவில் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் படுக்க வேண்டியிருக்கிறது? மருந்தால் கவனம் எந்த அளவுக்குக் குறைகிறது? மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும்? ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "ஏனென்றால்" என்று பரிசோதனையில் கண்டதை எழுதச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரம் இருக்காது. நீங்களே கேள்வித்தாளாகத் தட்டச்சு செய்து கொண்டுபோய், அதற்கென்று தனியாக அப்பாயின்ட்மென்ட் வாங்கி உட்கார்ந்து நிரப்ப வையுங்கள். ரிசப்ஷனில் கொடுத்துவிட்டு வந்தால் எல்லாக் கட்டத்திலும் ஒரு டிக் போட்டுத் திரும்பி வரும்.

"புறவயமான சான்று" என்கிறார்களே, அதற்கு எம்ஆர்ஐ மட்டும் வழியல்ல. எலும்பு உண்மையில் கூடியிருக்கிறதா என்பதை எம்ஆர்ஐயைவிட சிடி ஸ்கேன் தெளிவாகக் காட்டும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அந்த இடம் இன்னும் அசைகிறதா என்று பார்க்கலாம். அந்த மட்டத்தில் பெரும்பாலும் அடிபடுவது எல்5 நரம்பு. பெருவிரலை மேலே தூக்கும் வலிமை 5க்கு எத்தனை, பாதத்தின் மேற்புறத்தில் உணர்ச்சி எப்படி, காலை நேராகத் தூக்கும்போது எத்தனை டிகிரியில் வலி தொடங்குகிறது, இரண்டு கெண்டைக்காலின் சுற்றளவில் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்பதெல்லாம் அளந்து எழுதக்கூடியவை. ஒவ்வொரு விசிட்டிலும் இவை பதிவாக வேண்டும். ஈஎம்ஜி (நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று மின்சைகையில் பார்க்கும் சோதனை) எடுத்தால் நல்லதுதான், ஆனால் அது சரியாக வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். உணர்வு நரம்பு மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் ஈஎம்ஜியில் தெரியாமலே போகலாம். அப்படி வந்தால் இதே விளக்கத்தை டாக்டர் எழுத்தில் தர வேண்டும். இல்லையென்றால் அவர்களுடைய டாக்டர் "ஈஎம்ஜி நார்மல்" என்ற இரண்டே சொல்லை எடுத்துக்கொள்வார்.

அடுத்தது செயல்திறன் மதிப்பீடு, சுருக்கமாக எஃப்சிஇ. பிசியோ அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பல மணி நேரம் வைத்து அளப்பார். ஒரே நாளில் முடிப்பதை எடுக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் நடப்பதாகக் கேளுங்கள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடிப்பவர்கள் இரண்டாம் நாள் சுருண்டுவிடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலை பார்க்க முடியுமா என்பதற்கு அந்த இரண்டாம் நாள்தான் பதில். அவருடைய வேலை கணினி வேலை என்பதால், உட்கார்ந்து தட்டச்சு செய்ய வைத்து, எத்தனையாவது நிமிடத்தில் நெளிகிறார், எப்போது எழுந்தார், பிழைகள் எப்படிக் கூடுகின்றன என்று குறிக்கச் சொல்லுங்கள்.

இதில் அதிகம் கெடுவது ஓரிடம். முழு முயற்சியோடுதான் செய்தாரா என்பதையும் அந்தச் சோதனை அளக்கும். கைப்பிடி அளக்கும் கருவியில் ஐந்து நிலைகளில் அழுத்தச் சொல்வார்கள். உண்மையாக அழுத்துகிறவருக்கு நடுநிலைகளில் எண் ஏறி இரு ஓரங்களில் இறங்கும். வேண்டுமென்றே மெதுவாக அழுத்தினால் கோடு தட்டையாக வரும். இதயத்துடிப்பையும் வலி சொல்லும் நேரத்தோடு ஒப்பிடுவார்கள். ஆகவே அவரிடம் சொல்லுங்கள்: வலியை மிகைப்படுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "முழு முயற்சி, சீரான முடிவுகள்" என்று அறிக்கையில் ஒரு வரி வந்தால் அதற்கு விலையே இல்லை. மெடிக்கல் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இதற்குப் பணம் தராது. முன்கூட்டியே செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மனசு பொறுக்காமல் சொல்கிறேன். நம் ஆட்கள் டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்றால் மரியாதைக்கு "பரவாயில்லை டாக்டர், நல்லா இருக்கேன்" என்போம். அது அப்படியே "நோயாளி நன்றாக இருக்கிறார்" என்று பதிவாகி, ஆறு மாதம் கழித்து மறுப்புக் கடிதத்தில் மேற்கோளாக வந்து நிற்கும். இனி ஒவ்வொரு முறையும் உள்ளே போகுமுன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்: போன வாரம் எத்தனை நாள் பகலில் படுத்தார், எத்தனை மணி தூங்கினார், காரில் எவ்வளவு தூரம் போனதும் இறங்க வேண்டியிருந்தது.

காவிரிக்கரை:

இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. இருவருக்கும் நன்றி. அந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டேன். "உட்கார்ந்து செய்யும் வேலைதானே" என்ற வாதத்துக்கு எப்படிப் பதில் சொல்வது? சோஷியல் செக்யூரிட்டிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லி அவர்களே கடிதம் போடுகிறார்களே, எதற்கு? ஒரு பக்கம் இயலாமை இல்லை என்கிறார்கள், இன்னொரு பக்கம் அரசிடம் போய் இயலாதவன் என்று சொல் என்கிறார்கள்.

பொருநை:

அண்ணே, "உட்கார்ந்து செய்யும் வேலை" என்பதற்குத் தொழிலாளர் துறை அகராதியில் ஒரு வரையறை இருக்கு. அதிகபட்சம் 10 பவுண்டு தூக்குவது, பெரும்பாலான நேரம் உட்கார்வது. எட்டு மணி நேரத்தில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம்னு சோஷியல் செக்யூரிட்டி விதி கணக்கு வைக்குது. ஆறு மணி நேரம் என்பதைக் கவனிங்க. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவரால் இந்த வகை வேலையைச் செய்ய முடியாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் அர்மானி வழக்கில் சொல்லியிருக்கு. கலிஃபோர்னியா அந்த வட்டத்துக்குள்தான் வருது. மருதாணி அக்கா சொன்ன மணிக்கணக்கு ஏன் முக்கியம்னு இப்பப் புரியும். டாக்டரும் எஃப்சிஇயும் ஒரே மாதிரி "மொத்தம் மூன்று மணி" என்றால் அவர்களுடைய வாதத்தின் அடி ஆட்டம் கண்டுடும்.

அதோடு நிற்கக் கூடாது. முதல் 24 மாதம் பெரும்பாலான பாலிசியில் "சொந்த வேலையைச் செய்ய முடியுமா" என்பதே அளவுகோல், அதற்குப் பிறகுதான் "எந்த வேலையாவது". பாலிசியில் "இயலாமை" என்பதற்கு என்ன வரையறைன்னு வார்த்தை வார்த்தையாகப் படிங்க, அதே வார்த்தையை டாக்டரும் பயன்படுத்தட்டும். அவங்க ஆய்வறிக்கையில் எந்தப் பதவிப் பெயரைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு பாருங்க. அந்த அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991இல். அதில் இருக்கும் புரோகிராமர் வேலைக்கும், இன்றைக்கு ராத்திரி அழைப்பு, தொடர் மீட்டிங், மணிக்கணக்கில் சிக்கலைத் துருவிப் பார்ப்பது என்று நடக்கும் வேலைக்கும் ரொம்ப தூரம். கம்பெனி கொடுத்த பணி விவரம், மேனேஜரிடமிருந்து ஒரு கடிதம், முடிந்தால் ஒரு வேலைவாய்ப்பு நிபுணரின் அறிக்கை, மூன்றும் சேர்க்கணும். எஞ்சினியர் வேலையில் உடம்பு பாதி, மூளை பாதி. மருந்து மந்தத்தைச் சேர்க்காமல் விட்டால் பாதி வழக்கைக் கைவிட்ட மாதிரி.

"நின்றுகொண்டு வேலை செய்யும் மேசை தரலாமே"ன்னு கண்டிப்பாக வரும். உட்காரும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் கூட்டினாலும் எட்டு வரவில்லை, மீதி நேரம் படுக்கணும்னு டாக்டர் முன்னாடியே எழுதியிருக்கணும்.

சோஷியல் செக்யூரிட்டி விஷயம்: அவங்க தள்ளிவிடுவதற்குக் காரணம் பணம். எல்டிடி பொதுவாக சம்பளத்தில் 60 சதவீதம். மாதம் 10,000 டாலர் சம்பளம்னா 6,000. சோஷியல் செக்யூரிட்டியின் இயலாமைப் பணம், அதாவது எஸ்எஸ்டிஐ, 3,000 வந்தால் அதைக் கழித்துக்கொண்டு 3,000 மட்டும் தருவாங்க. பல பாலிசியில் பிள்ளைகளுக்கு வரும் பங்கையும் கழிப்பாங்க, எஸ்டிஐயும் கழியும். பின்தேதியிட்டு மொத்தமாகப் பணம் வந்தால் கையை வைக்காதீங்க, திரும்பக் கேட்பாங்க. ஆனாலும் விண்ணப்பிங்க. பாலிசியே கேட்குது, விண்ணப்பிக்காவிட்டால் வந்திருக்கும்னு அவங்களே ஒரு தொகையை மதிப்பிட்டுக் கழிக்கவும் இடம் உண்டு. அங்கே ஜெயித்தால் அந்த முடிவை அப்பீலில் சேருங்க. 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, சோஷியல் செக்யூரிட்டி முடிவோடும் சிகிச்சை தரும் டாக்டரின் கருத்தோடும் ஏன் ஒத்துப்போகலைன்னு அவங்க விளக்கியே ஆகணும். அங்கே மறுத்தால் மனசு விட வேண்டாம், அவங்க அளவுகோல் எந்த வேலையும் செய்ய முடியாதா என்பது, உங்களுடையது சொந்த வேலை. அந்த மறுப்புக்கு அப்பீல் செய்ய அவகாசம் 60 நாள் மட்டும். இரண்டு கெடுவையும் குழப்பிக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. வலியோடு இருப்பவருக்கு மனச்சோர்வு வருவது இயல்பு, சிகிச்சையும் எடுக்கணும். ஆனால் இயலாமைக்கான முதல் காரணமாக அது பதிவானால் மனநலக் காரணங்களுக்கான 24 மாத வரம்புக்குள் தள்ளிடுவாங்க. உடல் காரணம் மட்டுமே தனியாகப் போதும்னு டாக்டர் ஒரு வரி எழுதட்டும்.

தேன்சிட்டு:

கோயம்புத்தூர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கிளம்புவதற்கு முன் பாலிசியில் வெளிநாட்டில் தங்குவது பற்றிய பிரிவைத் தேடிப் படியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் இருந்தால் பணம் நின்றுவிடும் என்று பல பாலிசிகளில் இருக்கிறது. "தகுதி பெற்ற மருத்துவரின் தொடர் கண்காணிப்பில்" இருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உண்டு. மருத்துவர் என்பதற்கான வரையறையில் ஆயுர்வேதமும் சித்தமும் வராமல் போகலாம். அங்கே அந்த வைத்தியம் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் இங்குள்ள டாக்டரை விட்டுவிடக் கூடாது. புறப்படுமுன் ஒரு விசிட், திரும்பியதும் ஒரு விசிட். அப்பீல் போகும் வரை பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் அதுவே உத்தமம்.

பயணமே சான்றாகத் திரும்பும். "அரை மணி நேரம் உட்கார முடியாதவர் இருபது மணி நேரம் விமானத்தில் எப்படிப் போனார்" என்று கேட்பார்கள். போவதே தவிர்க்க முடியாதது என்றால் தடயம் வையுங்கள்: சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்தது, நடைபாதை ஓரத்து இருக்கை, இடையில் எங்காவது ஒரு இரவு தங்கியிருந்தால் அதன் ரசீது, போய் இறங்கிய இரண்டு மூன்று நாளில் அங்கே டாக்டரைப் பார்த்த பதிவு. ஊர்க்கோயிலில் நின்று சிரித்த முகமாக எடுத்த போட்டோவை முகநூலில் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். உறவுக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், டேக் செய்துவிடுவார்கள்.

நம் ஊர் மருத்துவப் பதிவுகளில் சிக்கல் என்னவென்றால், ஓபி சீட்டில் மருந்துப் பெயர் நாலும் ஒரு கிறுக்கலும்தான் இருக்கும். அது இங்கே செல்லாக்காசு. உள்நோயாளியாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிறுத்தாமல் கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். ஸ்கேனை ஃபிலிமாக வாங்காமல் சிடியில் வாங்குங்கள். டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடு, பரிசோதனையில் கண்டதையும் உட்காரும் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். நேரில் இருக்கும்போது வாங்கினால்தான் உண்டு.

மருதாணி (பிசியோதெரபி):

ஃபைல் படிக்கும் டாக்டரைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. அப்பீலில் வேறு டாக்டர் பார்க்க வேண்டும், முதலில் பார்த்தவரோ அவருக்குக் கீழ் வேலை செய்பவரோ பார்க்கக் கூடாது. அந்தப் புது ஆள் உங்கள் டாக்டரைப் போனில் கூப்பிடுவார். ஓடிக்கொண்டே இரண்டு நிமிடம் பேசியதைத் தனக்கு வேண்டியபடி சுருக்கி ஃபேக்ஸ் அனுப்பி, இத்தனை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதுவார். டாக்டர் அலுவலகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்: கேள்விகள் எழுத்தில் மட்டும், பதிலும் எழுத்தில் மட்டும், வரும் ஃபேக்ஸின் நகல் அன்றே உங்களுக்கு.

செந்தூரம்:

அனுப்பிய பிறகு நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். முடிவெடுக்க அவர்களுக்கு 45 நாள். சிறப்புக் காரணம் காட்டி எழுத்தில் அறிவித்தால் இன்னொரு 45. ஆகஸ்ட் 15 அன்று கிடைத்தால் செப்டம்பர் 29, நீட்டித்தால் நவம்பர் 13. உங்களிடம் ஏதாவது கேட்டு அதற்காகக் காத்திருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது, அதனால் கேட்டதை உடனே கொடுங்கள்.

இடையில் அவர்களுடைய புது டாக்டரின் அறிக்கை உங்களுக்கு வரும். அதை வைத்து மறுக்க நினைத்தால் முடிவுக்கு முன்பே உங்களிடம் காட்டிப் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது அந்த 2018 விதி. பலர் இதைத் தகவலுக்கு வந்த காகிதம் என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். ஃபைலில் எதையும் சேர்க்க உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாசல் அதுதான். அவகாசம் குறைவாகத் தந்திருந்தால் அன்றே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். உங்கள் டாக்டர் அந்த அறிக்கையை எடுத்து வரிக்கு வரி பதில் எழுதட்டும். 2003இல் நார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை தரும் டாக்டரின் கருத்துக்குத் தனி முன்னுரிமை தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நம்பகமான சான்றைக் காரணமில்லாமல் ஒதுக்கவும் கூடாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே "நான்தான் அவருடைய டாக்டர்" என்பது போதாது, காரணம் வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருப்பது ஒரு வகையில் நல்லது. முடிவெடுக்கும் முழு விருப்புரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கே என்று பாலிசியில் எழுதியிருந்தாலும், அந்த மாநிலக் காப்பீட்டுச் சட்டத்தின் 10110.6 பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. நீதிபதி இன்சூரன்ஸ் கம்பெனியின் முடிவுக்குத் தலைசாய்க்காமல் புதிதாகப் பார்ப்பார். வேலை கொடுக்கும் கம்பெனி சொந்தப் பணத்தில் தானே நடத்தும் திட்டம் என்றால் இது பொருந்தாது, ஹெச்ஆரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீலை எப்போது பார்ப்பது என்றால், அப்பீல் அனுப்புவதற்கு முன். தோற்ற பிறகு போனால் அவரால் ஃபைலில் எதையும் சேர்க்க முடியாது. எரிசா எல்டிடி வழக்குகளையே தொழிலாகச் செய்பவராக இருக்கட்டும், விபத்து வழக்கு பார்ப்பவர் வேண்டாம். பெரும்பாலோர் வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை கேட்பார்கள். அந்தச் சதவீதம் நிலுவைத் தொகைக்கு மட்டுமா, பின்னால் மாதாமாதம் வருவதற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தொழிலாளர் துறையின் இபிஎஸ்ஏ பிரிவு இலவசமாக விளக்கம் தரும்: 1-866-444-3272.

வழக்குப் போடும் கெடு தனி. அதை பாலிசியே வைத்துக்கொள்ளலாம், அப்பீல் முடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கலாம் என்று 2013இல் ஹைமெஷாஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இறுதி மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக "விருப்ப அப்பீல்" ஒன்று இருப்பதாகச் சொன்னால், வக்கீலிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

பொருநை:

விருப்ப அப்பீலை முழுசாகத் தள்ள வேண்டாம் என்பது என் கருத்து. முதல் அப்பீல் அவசரத்தில் போய் ஃபைல் மெலிசாக இருந்தால், புதுச் சான்று சேர்க்க அது ஒரு வழி. உங்களுக்கு இப்ப முழு 180 நாள் இருக்கு, அந்த நிலைமை வரக் கூடாது.

இன்னொன்று யாரும் சொல்லலை. வேலையோடு வந்த ஆயுள் காப்பீட்டையும் பாருங்க. இயலாமை இருந்தால் பிரீமியம் கட்டாமலே தொடரும் வசதி பலதில் உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. வேலை போய்விட்டால் அதைத் தனி பாலிசியாக மாற்றிக்கொள்ள பொதுவாக 31 நாள்தான் தருவாங்க.

காவிரிக்கரை:

ஆயுள் காப்பீட்டை நினைக்கவே இல்லை. ஹெச்ஆருக்குப் போகும் கடிதத்திலேயே சேர்த்துவிட்டேன். பயணத்தையும் செப்டம்பருக்குத் தள்ளியாச்சு. கடைசியாக ஒன்று: தங்கையும் அவருடைய பழைய டீம் லீடும் எழுதித் தருகிறேன் என்கிறார்கள். அதற்கு மதிப்பு உண்டா? எல்லாவற்றையும் எப்படிக் கட்டி அனுப்புவது?

செந்தூரம்:

உண்டு, பார்த்ததை மட்டும் எழுதினால். "ரொம்பக் கஷ்டப்படுகிறார்" என்று தங்கை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். "சாப்பாட்டு மேசையில் உட்காராமல் சமையலறைத் திண்டில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுகிறார், பத்து நிமிடத்தில் போய்ப் படுத்துவிடுகிறார்" என்று எழுதட்டும். டீம் லீட் வேலையில் கண்டதை எழுதட்டும்: எந்த மாதத்திலிருந்து மீட்டிங்கில் எழுந்து நின்றார், எந்த வகைப் பிழைகள் வரத் தொடங்கின, எந்தப் பொறுப்பை அவரிடமிருந்து மாற்ற வேண்டியிருந்தது. நோட்டரி முத்திரை தேவையில்லை. சொன்னது உண்மை, பொய்யானால் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழி வாசகமும் தேதியும் கையெழுத்தும் போதும்.

கட்டுவது: முன்னால் அப்பீல் கடிதம், அவர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், ஒவ்வொரு பதிலுக்கும் "பக்கம் 214 பார்க்க" என்று சுட்டு. அதன் பின் சான்றுகள், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தொடர் எண்ணோடு. அவர்களுடைய ஃபைலில் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைத்து எதையும் விடாதீர்கள், ஸ்கேன் சிடி உட்பட. ஒரு பிரதியை ரசீதோடு கூடிய சான்றஞ்சலில் அனுப்புங்கள், இன்னொன்றை ஃபேக்ஸிலோ அவர்களுடைய தளத்தில் பதிவேற்றியோ. பெரிய ஃபேக்ஸ் நடுவில் அறுந்துவிடும், ஐம்பது ஐம்பது பக்கமாகப் பிரித்து ஒவ்வொன்றின் உறுதிச் சீட்டையும் வையுங்கள். மறுவாரம் "மொத்தம் இத்தனை பக்கம் அனுப்பினோம், அத்தனையும் வந்ததா" என்று எழுத்தில் கேளுங்கள். பக்கம் குறைகிறது என்று பதில் வந்தால் ஆகஸ்ட் 30க்கு முன்பே மறுபடி அனுப்ப நாள் இருக்க வேண்டும், ஆகஸ்ட் 15 என்று சொன்னது இதற்காகவும்தான்.